எட்டாவது லேன்காரர் 53 மீட்டர் முன்னால் நிற்பது ஏன்?

புவனேஸ்வர் கலிங்கா ஸ்டேடியத்தில் 2017-இல் நடந்த ஆசியத் தடகளப் போட்டியின் ஆண்கள் 400 மீட்டரில் முகமது அனஸ் தங்கமும், நம்ம திருச்சி ஆரோக்கிய ராஜீவ் வெள்ளியும் வென்றார்கள். இந்த ஓட்டத்தின் தொடக்கத்தை முதல்முறை பார்ப்பவருக்கு அநியாயமாகத்தான் தோன்றும். முதல் லேன்காரர் எங்கோ பின்னால் குனிந்திருக்க, எட்டாவது லேன்காரர் 53 மீட்டர் முன்னால் தயாராக இருப்பார்.

காரணம் வளைவுகள்தான். இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு வட்டம். லேனின் அகலம் 1.22 மீட்டர். ஒரு லேன் வெளியே தள்ளி ஓடினால் 2 × 3.1416 × 1.22, அதாவது 7.67 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். மைதானம் எவ்வளவு பெரிதானாலும் இந்தக் கணக்கு மாறாது. எனக்கு இன்றும் வியப்பூட்டும் விஷயம் இது.

அதை ஈடுகட்டத்தான் வெளி லேன்காரர்களை முன்னால் நிறுத்துகிறார்கள். ஆனால் இரண்டாவது லேனுக்குத் தரும் முன்தூரம் 7.04 மீட்டர்தான். முதல் லேனின் உள்விளிம்பில் 5 செ.மீ. உயரத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது. கால் இடிக்கும் என்பதால் யாரும் அதை ஒட்டி ஓடுவதில்லை. எனவே அங்கே 30 செ.மீ. தள்ளி அளக்கிறார்கள். மற்ற லேன்களில் வெறும் கோடுதான், 20 செ.மீ. போதும். அந்த 10 செ.மீ. வித்தியாசம் வட்டம் சுற்றி வரும்போது 63 செ.மீ. ஆகிவிடுகிறது.

எங்கள் பள்ளியில் பி.டி. வாத்தியார் முளையடித்து, கயிற்றைப் பிடித்தபடி சுண்ணாம்புப் பொடி தூவி வளைவு போடுவார். கயிறு ஒரு செ.மீ. இழுபட்டாலே சுற்றில் 6 செ.மீ. கூடிவிடும். சர்வதேச விதியோ 400 மீட்டருக்கு 4 செ.மீ. வரைதான் கூடலாம், குறையவே கூடாது என்கிறது. அதனால் ஸ்டேடியங்களில் வளைவின் மையங்களில் நிரந்தரக் குறி பதித்து, அங்கிருந்து கருவி வைத்து அளக்கிறார்கள்.

தூரம் சரியானாலும் சத்தம் பாக்கி இருக்கிறது. துப்பாக்கி முதல் லேன் அருகே வெடித்தால், 53 மீட்டர் தள்ளி இருப்பவர் காதுக்கு ஒலி போய்ச்சேர சுமார் 0.15 வினாடி ஆகும். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தில் பி.டி. உஷா வெண்கலத்தைத் தவறவிட்டது வெறும் 0.01 வினாடியில். பெரிய போட்டிகளில் ஒவ்வொருவரும் கால் ஊன்றிக் கிளம்பும் ஸ்டார்ட்டிங் பிளாக்குக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கர் இருக்கிறதே, அது எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் சத்தம் கேட்பதற்காகத்தான்.