ஓட்டேரி 'நல்லா'வும் நம்ம ஓடையும்

ஐப்பசி பிறந்து நாலு தூறல் விழுந்தால் போதும், தொலைக்காட்சிச் செய்தியில் சென்னையின் 'ஓட்டேரி நல்லா கால்வாய்' வந்துவிடும். நல்லா ஓடுகிற கால்வாய் போலிருக்கிறது என்று வெளியூர்க்காரர் நினைத்துக்கொண்டால் அவர்மேல் குற்றமில்லை.

இந்த 'நல்லா' இந்தியின் நாலா. சிறு நீர்வழிக்கு வடக்கே வழங்கும் பெயர். வெள்ளைக்காரர்கள் அதைத் தங்கள் எழுத்தில் nullah என்று எழுதிக்கொண்டு ஹாங்காங் வரைக்கும் எடுத்துப்போனார்கள். நாம் அந்த எழுத்தைக் கூட்டி 'நல்லா' என்று வாசித்து, போதாததற்கு வாலில் ஒரு கால்வாயையும் ஒட்டிவிட்டோம். ஓட்டேரி ஓடை என்றால் வேலை முடிந்தது.

ஓடு என்ற வினையிலிருந்து வந்தது ஓடை. இதில் பெரிய ஆராய்ச்சிக்கு இடமில்லை. யானையின் நெற்றிப்பட்டத்துக்கும் சங்கப் பாட்டில் ஓடை என்று பெயர் உண்டு, அது வேறு சங்கதி. மலையாளத்தில் ஓட என்றால் சாக்கடை. நம்மிடம் சொல் சுத்தமாகத்தான் இருக்கிறது, ஓடைதான் சாக்கடையாகிவிட்டது.

நல்லாவைக்கூட மன்னித்துவிடலாம், அறியாமல் வந்தது. கால்வாயை மன்னிக்க முடியவில்லை. கால்வாய், வாய்க்கால் இரண்டும் மனிதன் வெட்டியவை. தண்ணீரை நாம் நினைத்த இடத்துக்குக் கூட்டிப்போக வெட்டியவை. ஓடையோ, தண்ணீர் தானே பள்ளம் பார்த்து ஓடிக் கண்ட வழி. பக்கிங்காம் கால்வாய் கால்வாய்தான். 1806-இல் தொடங்கி, 1876-78 பஞ்சத்தில் கூலிக்கு ஆள் வைத்து வெட்டி நீட்டியது. பேசின் பாலத்தருகே அதில் போய் விழுகிற ஓட்டேரி ஓடைக்கும் அதே பெயரைக் கொடுத்தால், வெட்டியது எது, தானாக வந்தது எது என்று யாருக்குத் தெரியும்? கல்லணைக் கால்வாயைத் தஞ்சாவூர்க்காரர்கள் ஆறு என்கிறார்களே என்று கேட்கலாம். சரி, ஆனால் வெறும் ஆறு என்றா சொல்கிறார்கள்? புது ஆறு என்கிறார்கள். வெட்டியது என்பதைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள்.

வருவாய்த்துறைக்காரர்களிடம் இந்தக் குழப்பம் இல்லை. கிராமத்து நிலக் கணக்கான 'அ' பதிவேட்டைப் புரட்டினால் ஓடைப் புறம்போக்கு தனி, வாய்க்கால் புறம்போக்கு தனி. கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிகிற வேறுபாடு செய்தி எழுதுகிறவருக்குத் தெரியவில்லை.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ஓடை வேண்டாம், 'சிற்றாறு' என்று எழுதுங்கள் என்கிறார்கள். எதற்கு? ஓடை என்ன இறக்குமதிச் சரக்கா? தென்காசிப் பக்கம் போய்ச் சிற்றாறு என்று சொல்லிப் பாருங்கள். குற்றாலத்திலிருந்து வந்து சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேரும் ஆற்றைத்தான் கை காட்டுவார்கள். அது எவ்வளவு சின்னதானாலும் ஆறு. தாண்டிக் குதிக்கிற ஓடையை அதனோடு சேர்த்துப் பேச முடியாது. 'நீரோடை' பரவாயில்லை, பழகிய சொல்தான். ஆனால் தெளிந்த நீரோடை போன்ற நடை என்று முன்னுரைக்காரர்கள் எழுதி எழுதி அதைத் தேய்த்துவிட்டார்கள். அதோடு, நீரோடை என்றதுமே வருடம் முழுக்கச் சலசலவென்று ஓட வேண்டும் என்று ஒரு எதிர்பார்ப்பு வந்துவிடுகிறது. கரிசல் காட்டு ஓடையில் சித்திரையில் மணலும் சீமைக்கருவேலமும்தான் இருக்கும், ஆடு மேயும். அப்போதும் அதற்கு ஓடை என்றே பெயர்.

ஊருக்கு ஊர் வேறு சொற்களும் இருக்கின்றன. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் கானாறு என்பார்கள். கொங்கில் பள்ளம், ஈரோட்டுக்குள் ஓடுகிற பெரும்பள்ளம், கோவையில் சங்கனூர்ப் பள்ளம். இந்தப் பள்ளம் படுகிற பாடு தனி. ஆங்கிலப் பத்திரிகை அதைக் கனால் என்று எழுதும். அதைத் தமிழாக்குகிறவர் அகராதியைப் பார்த்துக் கால்வாய் என்று போடுவார். கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டே! அலுவலக வாசலில் டீக்கடைக்காரரைக் கேட்டிருந்தால் பள்ளம் என்று சொல்லியிருப்பார்.

வெட்டியதைக் கால்வாய் என்று எழுதுங்கள். தானாக ஓடுவதை ஓடை என்று எழுதுங்கள். உள்ளூரில் பள்ளம் என்றோ கானாறு என்றோ சொன்னால் அதை அப்படியே போடுங்கள், திருத்த வேண்டாம்.