சொல் விளக்கம்: பூட்

"கம்ப்யூட்டர் பூட் ஆகலை" என்ற புகாரோடு சர்வீஸ் கடைக்கு வரும் கணினிகளுக்கெல்லாம் ஒரே கோளாறு இருப்பதில்லை. ஒன்றில் பவர் பட்டனை அழுத்தினால் விசிறியே சுற்றாது. இன்னொன்றில் விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும். மூன்றாவதில் கம்பெனி லோகோ வரும், அடுத்து 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்ற வரி வந்து அப்படியே நின்றுவிடும். நான்காவதில் விண்டோஸ் வந்துவிடும், கடவுச்சொல்லும் கேட்கும், உள்ளே போனபின் ஐந்து நிமிடத்துக்கு எதையும் திறக்க முடியாது.

முதலாவது மின்சாரக் கோளாறு. இரண்டாவது பூட்டுக்கு முந்தைய வன்பொருள் சோதனையிலேயே நின்றுபோனது. நான்காவதில் பூட் நல்லபடியாக முடிந்தேவிட்டது. கறாராகப் பார்த்தால் மூன்றாவது மட்டும்தான் பூட் கோளாறு. இந்த வேறுபாட்டைப் பாராமல் நான்குக்கும் "புதுசா ஓஎஸ் போட்டுடலாம்" என்று ஒரே வைத்தியம் செய்வதால்தான் அழியத் தேவையில்லாத கோப்புகளும் குடும்பப் படங்களும் அழிகின்றன. சொல்லின் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் பழுது எங்கே என்பதில் பாதி தெரிந்துவிடும்.

பொருள் இதுதான். மின்சாரம் வந்ததும் மதர்போர்டின் சிப்பில் உள்ள ஒரு சிறு நிரல் இயங்கும். அது வட்டிலிருந்து அடுத்த நிரலை நினைவகத்துக்குக் கொண்டுவரும். அது தன்னைவிடப் பெரிய இன்னொன்றைக் கொண்டுவரும். இப்படிப் படிப்படியாக இயங்குதளம் (ஓஎஸ்) முழுவதும் ஏறி, கணினியின் பொறுப்பை எடுத்துக்கொள்வது வரைதான் பூட்.

சொல் வந்த வழி

காலில் போடும் பூட்ஸுக்கும் இதற்கும் நேரடி உறவு உண்டு. உயரமான தோல் பூட்ஸின் மேல்விளிம்பில், இழுத்து மாட்டிக்கொள்வதற்காக ஒரு சிறு வார் வைத்துத் தைத்திருப்பார்கள். அதற்கு ஆங்கிலத்தில் பூட்ஸ்ட்ராப் என்று பெயர். தன் பூட்ஸ் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத் தரையிலிருந்து தூக்கிக்கொள்வது என்பது, ஒருகாலும் நடக்காத காரியத்துக்கு அங்கே வழங்கிய கேலிப் பேச்சு. 1834-இல் ஓர் அமெரிக்கச் செய்தித்தாள், ஓயாமல் தானே ஓடும் எந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்ன ஒருவரை, இனி அவர் பூட்ஸ் வாரைப் பிடித்துக்கொண்டே கம்பர்லாந்து ஆற்றைத் தாண்டிவிடுவார் என்று கிண்டல் செய்தது. பிற்காலத்தில் பொருள் திரும்பி, பிறர் உதவியின்றித் தானே முன்னுக்கு வருவதைக் குறிக்கலாயிற்று. சேற்றில் மாட்டிய பாரன் முன்சௌசன் என்ற கட்டுக்கதை நாயகன் தன்னைத் தானே தூக்கிக்கொண்ட கதைதான் இதற்கு மூலம் என்று பலர் எழுதுகிறார்கள். அந்தக் கதையில் அவர் பிடித்தது தன் தலைமயிரை; பூட்ஸ் வாரை அல்ல.

கணினியில் இந்தச் சொல் நுழைந்ததற்குக் காரணம் ஓர் உண்மையான முடிச்சு. நினைவகத்தில் நிரல் இருந்தால்தான் கணினி எதையும் படிக்கும். நிரலை நினைவகத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால் படிக்க ஒரு நிரல் வேண்டும். முதல் நிரலை யார் கொண்டுவருவது? ஐபிஎம் 701 கணினியில் இதற்கென்றே 'லோட்' என்று ஒரு பட்டன் இருந்தது. அதை அழுத்தினால் துளையட்டையிலிருந்தோ காந்த நாடாவிலிருந்தோ காந்த உருளையிலிருந்தோ முதல் 36 பிட்கள் மட்டும் நினைவகத்துக்கு வரும். அவற்றின் இடப்பாதியான 18 பிட்டைக் கணினி ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டு நிறைவேற்றும். பெரும்பாலும் அந்தக் கட்டளை "இன்னும் கொஞ்சம் படி" என்பதாகவே இருக்கும். 1953-இல் அந்தக் கணினியின் அமைப்பைப் பற்றி வெளிவந்த கட்டுரையில் இந்த உத்திக்கு பூட்ஸ்ட்ராப் என்ற பெயர் காணப்படுகிறது. பிறகு ஸ்ட்ராப் உதிர்ந்து பூட் மட்டும் நின்றது.

1975-இல் வந்த ஆல்டெய்ர் 8800-இல் லோட் பட்டன்கூடக் கிடையாது. முன்பலகையில் உள்ள சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி, முதல் நிரலை பைட் பைட்டாகக் கையாலேயே ஏற்ற வேண்டும். மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் இந்த முதல் நிரல் அழியாத சிப்பில் குடியேறியது. அதுதான் பயாஸ்.

512 பைட்டிலிருந்து யூஇஎஃப்ஐ வரை

பழைய பயாஸ் முறையில் சோதனை முடிந்ததும், வட்டின் முதல் செக்டாரிலுள்ள 512 பைட்டை மட்டும் பயாஸ் படிக்கும். அதில் 446 பைட் நிரல், 64 பைட் பகிர்வு (பார்ட்டிஷன்) அட்டவணை, கடைசி 2 பைட் அடையாளக் குறி. அந்தக் குறி பதினறும (ஹெக்ஸ்) எண்ணில் 55, ஏஏ என்று இருந்தால்தான் "இது பூட் ஆகும் வட்டு" என்று பயாஸ் ஏற்கும். எம்பிஆர் (மாஸ்டர் பூட் ரெக்கார்டு) என்பது இந்த 512 பைட்டைத்தான். அதன் அட்டவணையில் செக்டார் எண்ணுக்கு 32 பிட் மட்டுமே ஒதுக்கியதால், சுமார் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டை எம்பிஆர் முறையில் முழுதாகப் பயன்படுத்த முடியாது. 4 டெராபைட் ஹார்டு டிஸ்க் வாங்கி மாட்டிவிட்டு "பாதிதான் காட்டுது" என்பவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. டிஸ்க் மேனேஜ்மென்டில் அதை ஜிபிடி என்ற புதிய பகிர்வு முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் அங்கே மாற்றினால் தரவு அழியும். வட்டு காலியாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

இன்றைய கணினிகளில் பயாஸின் இடத்தில் இருப்பது யூஇஎஃப்ஐ; பேச்சில் அதன் அமைப்புத் திரையையும் பயாஸ் என்றே சொல்கிறோம். முதல் செக்டாரை நம்பியிராமல், வட்டில் எஃப்ஏடி32 வடிவில் தனியாக உள்ள ஒரு சிறு பகிர்வுக்குள் போய், பூட் நிரலை ஒரு சாதாரணக் கோப்பாகவே எடுத்து இயக்கும். விண்டோஸ் நிறுவும்போது தானாக உருவாகும் 100 எம்பி பகிர்வு அதுதான். "இது என்ன, டிரைவ் எழுத்தே இல்லாமல் வீணாகக் கிடக்கிறதே" என்று அதை அழித்தால் அடுத்த முறை கணினி எழாது.

விண்டோஸ் 11-க்கு யூஇஎஃப்ஐ கட்டாயம். பழைய கணினியை அதற்குத் தயார் செய்பவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடமும் இதுவே. விண்டோஸ் எம்பிஆர் வட்டில் இருக்க, பயாஸில் மட்டும் லெகஸி என்னும் பழைய முறையை அணைத்து யூஇஎஃப்ஐ ஆக்கினால் 'நோ பூட்டபிள் டிவைஸ்' வந்து நிற்கும். முதலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து 'பயாஸ் மோட்' என்ற வரியைப் பாருங்கள். லெகஸி என்றிருந்தால், விண்டோஸுடனேயே வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் வட்டை மாற்றிய பிறகே பயாஸில் கை வைக்க வேண்டும். இந்தக் கருவி தரவை அழிக்காது. ஆனாலும் காப்பு (பேக்கப்) எடுக்காமல் இதைச் செய்யக் கூடாது.

எங்கே நின்றது என்று பார்ப்பது

விசிறி சுற்றி, திரை கறுப்பாக நின்றால் வட்டைத் தொட வேண்டாம், ரேமைப் பாருங்கள். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ரேம் குச்சிகளைக் கழற்றி, தங்க நிறப் பற்களை பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, ஊதிவிட்டு, ஒரே ஒரு குச்சியை மட்டும் மாட்டுங்கள். நான்கு இடமுள்ள பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது இடம் அதற்கு உரியது. 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும்வரை அழுத்த வேண்டும். அரைகுறையாக உட்கார்ந்த ரேம்தான் இந்தக் கோளாறுக்கு முதல் காரணம். புதிதாக டிடிஆர்5 ரேம் போட்ட கணினி என்றால் அவசரப்படாதீர்கள். முதல் முறை ரேமைப் பழக்கிக்கொள்ளப் பல நிமிடங்கள் எடுக்கும், அதுவரை திரையில் ஒன்றும் வராது.

லோகோ வந்து 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்றால், முதலில் செருகியிருக்கும் பென் டிரைவை உருவிவிட்டுப் பாருங்கள். சில கணினிகள் அதிலிருந்தே பூட் ஆக முயன்று தோற்றுவிடும். அடுத்து பயாஸுக்குள் போய் வட்டின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். மேசைக் கணினிகளில் பெரும்பாலும் டெலிட் அல்லது எஃப்2, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10. பெயரே தெரியவில்லையென்றால் கேபிளோ வட்டோ பழுது. எத்தனை முறை விண்டோஸ் போட்டாலும் பயனில்லை. பெயர் தெரிகிறது, பூட் வரிசையிலும் முதலில் இருக்கிறது என்றால் பெரும்பாலும் பூட் கோப்புகள்தான் கெட்டிருக்கும். விண்டோஸ் நிறுவும் பென் டிரைவிலிருந்து எழுப்பி, 'ரிப்பேர்' வழியே 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' கொடுங்கள். உங்கள் கோப்புகளை அது தொடாது.

அந்தப் பென் டிரைவுக்கு 8 ஜிபி போதும். ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே அதில் காப்பி செய்தால் பூட் ஆகாது. ரூஃபஸ் கருவியில் ஐஎஸ்ஓவைக் கொடுத்து, பகிர்வு முறை ஜிபிடி, இலக்கு யூஇஎஃப்ஐ என்று வைத்துத் தொடங்க வேண்டும். டிரைவில் இருந்ததெல்லாம் அழியும். எழுப்பும்போது பயாஸில் வரிசையை மாற்றத் தேவையில்லை. பூட் மெனு சாவி போதும். டெல், கிகாபைட், லெனோவோ திங்க்பேடில் எஃப்12, எச்பியில் எஃப்9, எம்எஸ்ஐயில் எஃப்11, அசூஸ் போர்டில் எஃப்8.

ஒவ்வொரு நாளும் கடிகாரம் பின்னுக்குப் போய், பூட் வரிசையும் தானாக மாறினால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்துவிட்டது. புதுச் செல் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். மல்ட்டிமீட்டரில் 2.8-க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். எழுத்துள்ள கூட்டல் பக்கம் வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். இந்தச் செல் தீரும்போது சில போர்டுகளில் வட்டோடு பேசும் முறையைக் குறிக்கும் சாட்டா அமைப்பும் ஏஎச்சிஐ-யிலிருந்து வேறொன்றுக்கு மாறிவிடும். உடனே விண்டோஸ் நீலத்திரை காட்டும். அதைப் பழையபடி மாற்றினாலே போதும், ஓஎஸ் போட வேண்டியதில்லை.

ரீபூட்டும் அணைத்துப் போடுவதும் ஒன்றல்ல

மின்சாரமே இல்லாத நிலையிலிருந்து எழுப்புவது கோல்டு பூட். மின்சாரத்தை நிறுத்தாமல் மறுபடி தொடங்குவது வார்ம் பூட். ஐபிஎம் பிசியில் பொறியாளர் டேவிட் பிராட்லி அமைத்த கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்துவது இரண்டாம் வகை. அப்போது நினைவகத்தின் ஒரு குறிப்பிட்ட முகவரியில் 1234 என்ற பதினறும எண் எழுதப்படும். பயாஸ் அதைப் பார்த்தால், நேரம் பிடிக்கும் நினைவகச் சோதனையைத் தாண்டிப் போய்விடும்.

ஆகவே அணைத்துப் போடுவதுதான் முழுமையான பூட் என்று ஒரு தலைமுறையே பழகியது. 2012-இல் விண்டோஸ் 8 இதைத் தலைகீழாக்கியது. அதில் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் உட்கரு (கெர்னல்) அணைவதில்லை. அப்படியே வட்டில் எழுதிவைக்கப்பட்டு, அடுத்த முறை மீட்கப்படுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏறும். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் 'அப் டைம்' பாருங்கள். இரவில் அணைத்து இன்று காலை போட்ட கணினி, பல நாள் ஓடுவதாகக் காட்டும். பிரிண்டரோ ஒலியோ தகராறு செய்யும்போது "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்" என்பது போதாது, ரீஸ்டார்ட்தான் வேண்டும். முழுதாக அணைக்க வேண்டுமானால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுக்கலாம். விண்டோஸோடு லினக்ஸும் வைத்திருப்பவர்கள் இந்த வசதியை நிறுத்திவிடுவதே நல்லது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் பவர் பட்டன்களுக்கான பக்கத்தில் அது இருக்கிறது. நிறுத்தாவிட்டால் விண்டோஸ் பகிர்வை லினக்ஸ் எழுதுவதற்குத் திறக்காது.

தமிழில் என்ன சொல்வது

பூட் என்ற ஒலி தமிழுக்குள் வரும்போது ஒரு சிக்கல் உண்டு. "சிஸ்டம் பூட்டாகிவிட்டது" என்று எழுதினால் எழுந்துவிட்டதா, பூட்டிக்கொண்டதா? எழுத்தில் இந்தக் குழப்பம் உண்மையிலேயே வருகிறது.

மென்பொருள் மொழிபெயர்ப்புகளில் துவக்கு, தொடக்கு இரண்டையும் பார்க்கலாம். இலங்கைத் தமிழில் துவக்கு என்றால் துப்பாக்கி. "கணினியைத் துவக்கு" என்பது யாழ்ப்பாண வாசகருக்கு ஒரு கணம் இடறும். தொடக்கு என்ற பெயர்ச்சொல்லுக்கும் அங்கே தீட்டு என்று பொருள் உண்டு. ஆனால் தொடங்கு, தொடக்கம் என்ற வடிவங்களில் இந்த இடறல் இல்லை. எனவே பெயராகத் தொடக்கம், தானே எழுவதற்குத் தொடங்கு, நாம் எழுப்புவதற்குத் தொடங்கவை என்று கொள்வது இரு கரைக்கும் பொருந்தும். ரீபூட்டுக்கு மறுதொடக்கம் ஏற்கெனவே கைப்பேசிகள் வழியாக வேரூன்றிவிட்டது.

பூட்லோடர் தொடக்க ஏற்றி. அதன் வேலையே அடுத்த நிரலை ஏற்றுவதுதான். பூட் ஆர்டர் தொடக்க வரிசை. டூயல் பூட் இரட்டைத் தொடக்கம். கோல்டு பூட்டைக் குளிர்தொடக்கம் என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைவிட முழுத்தொடக்கம் என்பது பொருளை உடனே காட்டும். ஸ்டார்ட்அப் நிரல்களை மட்டும் தொடக்க நிரல்கள் என்று எழுத வேண்டாம். அவை பூட் முடிந்து, பயனர் உள்ளே வந்தபின் ஓடுபவை. உள்நுழைவு நிரல்கள் என்பதே சரி. முதலில் சொன்ன நான்காவது கணினிக்கு மருந்தும் அங்கேதான்: டாஸ்க் மேனேஜரில் அந்தப் பட்டியலைத் திறந்து, தாக்கம் 'ஹை' என்று காட்டுபவற்றில் தேவையற்றவற்றை நிறுத்துங்கள். கிராஃபிக்ஸ், ஒலி, ஆன்டிவைரஸ் ஆகியவற்றை மட்டும் நிறுத்தாதீர்கள்.