ஏழு நாள் ஜூஸும் ஒரு வேளை மாத்திரையும்

டிசம்பரில் லீச்சி, மாம்பழம், கல்யாண வீட்டுப் பிரியாணி, புத்தாண்டுக்கு முந்தைய இரவு பட்டாசுச் சத்தத்தோடு விடிய விடியச் சாப்பாடு. ஜனவரி முதல் வாரம் வந்ததும் எங்கள் ரோஸ்ஹில் நகரில் யாரைப் பார்த்தாலும் டீடாக்ஸ், அதாவது உடம்பின் நச்சை நீக்கும் டயட், பற்றிய பேச்சுதான். ஏழு நாள் பச்சை ஜூஸ், முட்டைக்கோஸ் சூப், எலுமிச்சைத் தண்ணீரில் மிளகாய்த்தூள், வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு, ராத்திரி ஒரு ஸ்லிம்மிங் டீ. மொரீஷியஸில் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கும் எனக்கு இந்த மாதம் முழுக்க ஒரே கேள்விதான் வரும்: செய்யலாமா?

உடல்நலத்தோடு இருப்பவர், மாத்திரை எதுவும் சாப்பிடாதவர், இரண்டு நாள் காய்கறி சூப்போடு இருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பலனும் இருக்காது, பணம்தான் போகும். சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர், சிறுநீரகம் லேசாகப் பழுதானவர் என்றால் விஷயமே வேறு. இந்தத் தீவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. டீடாக்ஸ் பாட்டில் வாங்குகிற வரிசையில் இவர்களும் நிற்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

முதலில் விற்பவர்கள் சொல்வதைப் பார்ப்போம். உடம்பில் நச்சு சேர்ந்திருக்கிறது, அதை வெளியேற்றுகிறோம் என்கிறார்கள். எந்த நச்சு என்று கேட்டுப் பாருங்கள். 2009-ல் பிரிட்டனின் சென்ஸ் அபௌட் சயின்ஸ் அமைப்பைச் சேர்ந்த இளம் விஞ்ஞானிகள் இதைத்தான் செய்தார்கள். டீடாக்ஸ் என்ற பெயரில் விற்கும் 15 பொருள்களை எடுத்துக்கொண்டு, தயாரித்தவர்களிடமே விளக்கம் கேட்டார்கள். டீடாக்ஸ் என்றால் என்ன என்பதற்கு இரண்டு கம்பெனிகள்கூட ஒரே பதிலைச் சொல்லவில்லை. 2015-ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பும், கடையில் விற்கும் டீடாக்ஸ் டயட்டுகள் மனிதர்களுக்கு வேலை செய்கின்றனவா என்று முறையாக ஒப்பிட்டுப் பார்த்த சோதனை ஒன்றுகூட இல்லை என்றுதான் எழுதியது.

உண்மையில் நச்சை வெளியேற்றும் வேலை உடம்பில் ஒவ்வொரு நிமிடமும் நடக்கிறது. புரதம் சிதையும்போது வரும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. மது, மாத்திரை, உடம்பில் உருவாகி வேலை முடிந்த ஹார்மோன் எல்லாவற்றையும் தண்ணீரில் கரையும் பொருளாக்கி வெளியே தள்ளுகிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, தேவையானதைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக அனுப்புகின்றன. இதில் வேடிக்கை என்னவென்றால், கல்லீரலின் இந்த வேலைக்குப் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்கள் தேவை. பருப்பு, முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஏழு நாள் ஜூஸ் குடிப்பவர், கல்லீரலுக்குக் கொடுக்க வேண்டிய மூலப்பொருளையே நிறுத்திவிடுகிறார்.

"ஆனால் எனக்கு நான்கு கிலோ குறைந்ததே!" என்பார்கள். குறைந்தது உண்மைதான். எது குறைந்தது என்று பார்க்க வேண்டும். கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு அரை கிலோ அளவுக்கு இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டை வெகுவாகக் குறைத்ததும் இரண்டு மூன்று நாளில் இந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் கூடவே போகிறது. உப்பு குறைந்ததால் இன்னும் கொஞ்சம் தண்ணீர், குடல் காலியானதால் இன்னும் கொஞ்சம் எடை. கொழுப்பு எவ்வளவு என்று கணக்குப் போடலாம். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஒரு நாளைக்கு 1,800 கலோரி தேவைப்படும் பெண், ஜூஸில் 600 கலோரியோடு ஓட்டினால் பற்றாக்குறை 1,200. ஏழு நாளுக்கு 8,400. அதாவது, எல்லாம் கொழுப்பிலிருந்தே போனாலும் ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதிலும் ஒரு பங்கு தசை. எட்டாம் நாள் ஒரு தால் பூரி சாப்பிட்டதும் தண்ணீர் திரும்பி வர ஆரம்பித்துவிடும்.

உடம்பு லேசாக இருந்தது, நன்றாகத் தூங்கினேன் என்பதையும் நான் மறுக்கவில்லை. அந்த ஏழு நாளும் பீர் இல்லை, ரம் இல்லை, காத்தோ பிமான் என்ற பொரித்த பருப்புப் பலகாரம் இல்லை, அலூடா என்ற இனிப்புப் பால் பானம் இல்லை, ராத்திரி பத்து மணிச் சாப்பாடு இல்லை. நன்றாகத்தானே இருக்கும்? அந்தப் பெருமையை ஜூஸ் பாட்டில் தட்டிக்கொண்டு போகிறது.

ஸ்லிம்மிங் டீயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல பாக்கெட்டுகளில் இருப்பது நிலாவரை இலை, அதாவது பேதி மருந்து. அது வேலை செய்வது பெருங்குடலில். சாப்பாட்டின் கலோரி பெரும்பாலும் அதற்கு முன்னால் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். வெளியே போவது தண்ணீரும் பொட்டாசியமும்தான். நம் பாட்டிமார் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்து விளக்கெண்ணெய் ஊற்றியதற்காவது வயிற்றுப் பூச்சி என்று ஒரு காரணம் இருந்தது.

சரி, ஆபத்துக்கு வருவோம். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி; நான் தாந்தின், அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடுவேன். சர்க்கரைக்கு கிளிக்கிளசைடு, பிரஷருக்கு இன்னொரு மாத்திரை. மருமகள் வாங்கிக்கொடுத்த ஏழு நாள் ஜூஸை ஆரம்பித்தார். மூன்றாம் நாள் சந்தையில் நிற்கும்போது வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருண்டது. பக்கத்துக் கடைக்காரர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார். "தாந்தின், மாத்திரையை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். "மாத்திரையை விடலாமா? டாக்டர் திட்டுவாரே, தவறாமல் போட்டேன்" என்றார்.

இதில் அவர்மேல் குற்றமே இல்லை. மாத்திரையை நிறுத்தாதே என்றுதான் எல்லோரும் அவருக்குச் சொல்லியிருக்கிறோம். ஆனால் கிளிக்கிளசைடு, கிளிபென்கிளமைடு போன்றவை நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்ப்பதில்லை, கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். இன்சுலின் ஊசியும் சாப்பிட்டோமா என்று பார்ப்பதில்லை. சாப்பாடு இல்லாத வயிற்றில் இவை இரத்தச் சர்க்கரையை லிட்டருக்கு 3.9 மில்லிமோலுக்குக் கீழே இழுத்துவிட்டால் நடுக்கம், குழப்பம், சில நேரம் மயக்கம். பழ ஜூஸ் குடிப்பவருக்கு இன்னொரு தொல்லை: கால் லிட்டர் ஆரஞ்சு ஜூஸில் 20 முதல் 25 கிராம் சர்க்கரை இருக்கும், அதே அளவு கோலாவுக்கு அது பெரிதாகக் குறைந்ததல்ல. அதனால் குடித்ததும் ஏறி, இரண்டு மூன்று மணி நேரத்தில் மாத்திரையின் வேகத்தில் சரிந்து, நாள் முழுக்க ஊஞ்சலாடும்.

இவற்றுக்குப் பிறகு வந்த எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகள் இன்னொரு ரகம். பட்டினி கிடக்கும்போது இவற்றைப் போட்டால் இரத்தம் அமிலமாகிவிடக்கூடும். மீட்டரில் சர்க்கரை ஏறக்குறைய சரியாகவே காட்டுவதால் ஆபத்து யாருக்கும் தெரியாது. வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு வந்தால், "நச்சு வெளியேறுகிறது, அப்படித்தான் இருக்கும்" என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது சொல்வார்கள். டீடாக்ஸ் பேச்சிலேயே எனக்கு மிகவும் கோபம் வருவது இந்த வாக்கியத்தின்மேல்தான். ஆபத்து அறிகுறியைப் பலன் என்று மாற்றிச் சொல்லிவிடுகிறது.

அடுத்து, நம் தோட்டத்திலேயே காய்க்கும் இரண்டு. கரம்போல் என்று நாம் சொல்லும் நட்சத்திரப் பழம். அப்புறம் அதன் உறவான பிலிம்பி. ஊறுகாயில் பிலிம்பித் துண்டு இரண்டு சாப்பிடுவதைப் பற்றி நான் பேசவில்லை. கிலோ கணக்கில் அரைத்து, கொலஸ்ட்ரால் கரையும் என்று வெறும் வயிற்றில் குடிக்கிறார்களே, அதைச் சொல்கிறேன். இரண்டிலும் ஆக்சாலிக் அமிலம் மிக அதிகம். அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகப் படிந்து அடைத்துவிடும். கேரளத்தில் பிலிம்பியை இரும்பன் புளி என்பார்கள். அதன் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்த பத்துப் பேரைப் பற்றி மருத்துவர்கள் 2013-ல் எழுதினார்கள். அவர்களில் ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது.

கரம்போலில் இதற்கு மேலும் ஒரு நரம்பு நச்சு இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது வெளியேறிவிடும். சிறுநீரகம் பழுதானவருக்குத் தங்கி மூளைக்குப் போகும். முதலில் நிற்காத விக்கல், பிறகு வாந்தி, குழப்பம், வலிப்பு, உயிரே போயிருக்கிறது. நச்சை எடுக்கிறேன் என்று குடிப்பதில் நச்சு இருக்கிறது பாருங்கள். சர்க்கரை நோய் பத்து, பதினைந்து ஆண்டுகளாக இருப்பவர்களில் பலருக்குச் சிறுநீரகத்தின் செயல்திறன் ஓரளவு குறைந்திருக்கும், அவர்களுக்கே தெரியாமல். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தச் சோதனை செய்யாதவர் கரம்போல் ஜூஸ் பக்கமே போகக் கூடாது என்பேன்.

பசலை, பீட்ரூட் இலையிலும் ஆக்சாலேட் உண்டு. கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் நிறையக் குறையும். பச்சையாக மிக்ஸியில் அடித்தால் முழுசாக உள்ளே போகும். இளநீரும் எல்லோருக்கும் நல்லதல்ல. அதில் பொட்டாசியம் அதிகம். எனாலாப்ரில், பெரிண்டோப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடும் சிறுநீரக நோயாளி தினமும் மூன்று இளநீர் குடித்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம்.

இந்த இடத்தில் யாராவது, "அப்படியானால் காவடி விரதம்?" என்று கேட்பார்கள். தைப்பூசமும் ஜனவரி, பிப்ரவரியில்தான் வருகிறது. பத்து நாள் விரதம் நம்முடைய டீடாக்ஸ் என்று பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விரதம் முருகனுக்காக இருப்பது, எடை மெஷினுக்காக அல்ல. அதுவும் விரதத்தில் சாப்பாடு உண்டு: சோறு, பருப்பு, முருங்கைக் கீரை, சூசூக்காய் (சௌசௌ), பூசணி, ரசம். மாமிசமும் மதுவும் சிகரெட்டும்தான் நிற்கின்றன. உணவியல் கண்ணோடு பார்த்தால் நான் குறை சொல்ல அதிகம் இல்லை, பொரித்த பலகாரத்தால் விரதத்தை நிரப்பாதவரை. ஆனால் ஒரு வேளை மட்டும் சாப்பிடுபவர்கள், காவடியன்று நாக்கில் வேலோடு வெறுங்காலில் வெயிலில் நடப்பவர்கள், கொடியேற்றத்துக்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது. சர்க்கரை மாத்திரையின் அளவையும் நேரத்தையும், சிறுநீர் போக்கும் மாத்திரையை அன்று போடலாமா என்பதையும் அவர் மாற்றித் தருவார். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடுமையான உணவுக் கட்டுப்பாடே வீண் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். பிரிட்டனில் டைரெக்ட் என்ற ஆய்வில், சர்க்கரை நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்தவர்களுக்கு, மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்கு 850 கலோரி அளவில் சூப், ஷேக் மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதத்தினருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. டீடாக்ஸ் மாதிரியே தெரிகிறதல்லவா? ஆனால் அங்கே இன்சுலின் போடுபவர்களைச் சேர்க்கவே இல்லை. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை முதல் நாளே டாக்டர் நிறுத்தினார். புரதமும் வைட்டமினும் கணக்குப்படி இருந்தன. பிறகு வழக்கமான சாப்பாட்டுக்குப் படிப்படியாகத் திரும்பக் கற்றுக்கொடுத்து, மாதக்கணக்கில் கூடவே இருந்தார்கள். நம் ஊர்ப் பாட்டிலோடு இதில் எதுவும் வருவதில்லை.

நம் தீவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1987 வாக்கில் அரசு, ரேஷன் எண்ணெயில் பாமாயிலின் பங்கைக் குறைத்து சோயா எண்ணெயாக மாற்றியது. ஐந்து ஆண்டு கழித்து 1992-ல் அளந்தபோது, மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 0.8 மில்லிமோல் அளவுக்கு இறங்கியிருந்தது. எண்ணெய் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் கணிசமான பங்கு அதற்கு இருந்திருக்க வேண்டும். யாரும் பட்டினி கிடக்கவில்லை, அதே சட்டியில் அதே கறியைத்தான் வைத்தார்கள். அதனால்தான் டீடாக்ஸ் கேட்டு வருபவர்களிடம் நான் சமையலறையைப் பற்றியே பேசுகிறேன்: மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள், டீயில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை, தட்டில் சோறு பாதியா முக்கால்வாசியா. கேட்பவர்கள் முகத்தில் ஏமாற்றம் தெரியும். பரவாயில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் செய்தே தீருவேன் என்பவர்கள் இருப்பார்கள். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், வளரும் பிள்ளைகள், இன்சுலின் போடுபவர்கள், சிறுநீரக நோயாளிகள், சாப்பாட்டைக் கண்டால் பயந்து ஒதுங்கும் இளம் பெண்கள், இவர்களுக்கு வேண்டவே வேண்டாம். மற்றவர்கள் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு முதலில் டாக்டரிடம் போங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஜூஸுக்குப் பதில் பருப்பும் காயும் போட்ட சூப்பாக வைத்துக்கொள்ளுங்கள். தலைசுற்றல், நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே ஏதாவது இனிப்பாகச் சாப்பிட்டுவிட்டு, மீட்டர் இருந்தால் சோதியுங்கள். அதோடு டயட்டை விட்டுவிடுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, வாந்தியோ விக்கலோ நிற்காவிட்டாலோ மறுநாள்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். போனதும், டாக்டர் கேட்காவிட்டாலும், என்ன காய், என்ன இலை, எத்தனை கிளாஸ், எத்தனை நாள் குடித்தீர்கள் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள்.