பாட்டியின் டிஎஸ்எச் ஏன் கூடுதலாக இருக்கிறது?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “பாட்டிக்கு 93 வயது. பலதுறை மருந்தகத்தில் ரத்தம் எடுத்தார்கள். டிஎஸ்எச் கொஞ்சம் கூடுதல், மருந்து வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு 34 வயது, நான் தினமும் தைராய்டு மாத்திரை போடுகிறேன். பாட்டிக்கு மட்டும் ஏன் வேண்டாம்? அவருடைய அக்காவும் 95 வரை இருந்தார்.”

அந்தக் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது.

கழுத்திலுள்ள தைராய்டு, அயோடினை வைத்து டி4, டி3 என்ற ஹார்மோன்களைச் செய்கிறது. உடம்பு எவ்வளவு வேகமாகச் சக்தியைச் செலவழிக்க வேண்டும் என்பதை அவை தீர்மானிக்கின்றன. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, டிஎஸ்எச் என்ற தூண்டும் ஹார்மோனை அனுப்பித் தைராய்டை வேலை வாங்குகிறது. இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான்.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அப்புறம் வருகிறது. ரத்தத்தில் ஹார்மோன் போதுமா என்று பிட்யூட்டரி எப்படித் தெரிந்துகொள்கிறது? டி4-இல் நான்கு அயோடின் அணுக்கள். அந்த டி4-ஐ பிட்யூட்டரி செல் உள்ளே இழுத்து, ஒரு என்சைமால் ஓர் அயோடினைக் கழற்றி டி3 ஆக்குகிறது. அந்த டி3 நேராக செல்லின் உட்கருவுக்குப் போய், டிஎஸ்எச் செய்யும் மரபணுவை அடக்குகிறது. டி4 குறைந்தால் அடக்க ஆளில்லை, டிஎஸ்எச் ஏறுகிறது. அதுவும் எப்படி ஏறுகிறது! டி4 பாதியானால் டிஎஸ்எச் சுமார் நூறு மடங்காகிறது. டி4 ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகும். டிஎஸ்எச்சுக்கு ஒரு மணி நேரம் போதும். அதனால்தான் டி4 அசையாமல் இருப்பதுபோலத் தெரியும்போதே டிஎஸ்எச் எண் மாறிவிடுகிறது.

‘அவர்கள் வம்சமே ஆயுசு கெட்டி’ என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட 421 குடும்பங்களைத் தேடிச் சேர்த்தார்கள். ஆண் என்றால் 89, பெண் என்றால் 91 வயதைத் தாண்டிய உடன்பிறப்புகள் குறைந்தது இருவர் இருக்க வேண்டும். அவர்களுடைய பிள்ளைகளை யாரோடு ஒப்பிட்டார்கள் தெரியுமா? அந்தப் பிள்ளைகளின் கணவன் மனைவிமாரோடு. ஒரே வீடு, ஒரே சமையல், ஒரே உப்பு. வேறுபடுவது பெரும்பாலும் பிறந்த வம்சம்தான். எவ்வளவு அழகான யோசனை!

2010-இல் வந்த முடிவு: பெற்றோரும் நீண்ட நாள் வாழ்ந்திருந்த தொண்ணூறு வயதுக்காரர்களிடம் டிஎஸ்எச் கூடுதல், டி4 குறைவு. அதற்கு முந்தைய ஆண்டே, நூறைத் தொட்ட அஷ்கனாசி (ஐரோப்பிய வம்சாவளி) யூதர்களிடமும் டிஎஸ்எச் கூடுதலாக இருந்ததை அமெரிக்காவில் கண்டிருந்தார்கள். உடம்பு மெதுவாக எரிந்தால் நீண்ட நாள் ஓடும் என்று அப்போது பலரும் முடிவு கட்டினார்கள்.

ஆனால் லைடன்காரர்கள் அதோடு விடவில்லை. பிள்ளைகளையும் துணைகளையும் ஒரு நாள் முழுக்க வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். தூங்கும்போதும்தான். நீண்ட ஆயுள் வம்சத்தாரிடம் டிஎஸ்எச் சுரப்பு அதிகம். ஆனால் டி4, டி3 அளவில் வித்தியாசம் இல்லை. சும்மா இருக்கும்போது செலவாகும் சக்தியிலும் இல்லை. மெதுவாக எரிகிறது என்ற கதை அங்கே அடிபட்டுப் போனது. அதே அளவு ஹார்மோனை எடுக்க அவர்களுடைய பிட்யூட்டரி கொஞ்சம் அதிகமாக உழைக்கிறது, அவ்வளவுதான். டிஎஸ்எச்சை உணரும் ஏற்பிகள் எலும்பிலும் கொழுப்பிலும்கூட இருப்பதால், ஆயுளுக்கான காரணம் தைராய்டுக்கு வெளியே இருக்கலாம் என்பது என் எண்ணம்.

நோயில்லாதவர்களைப் படுக்கவைத்து இரவு பகலாக ரத்தம் எடுக்கும் ஆய்வுக்குப் பணம் கிடைப்பது கஷ்டம். 2030-இல் நம் குடிமக்களில் நாலில் ஒருவருக்கு 65 வயது ஆகியிருக்கும். சீன, மலாய், இந்தியக் குடும்பங்கள் ஒரே புளோக்கில் வாழும் சிங்கப்பூரில் இதைச் செய்யாமல் வேறெங்கே செய்வது? ஜாதகத்தில் ஆயுள் பார்க்கக் கொடுக்கும் காசைவிட இதற்குப் போகும் காசு ஆயிரம் மடங்கு பயன் தரும்.

சரி, பாட்டிக்கு வருவோம். 65 வயதுக்கு மேற்பட்ட, டிஎஸ்எச் லேசாகக் கூடிய 737 பேரிடம் செய்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஹார்மோன் மாத்திரை போட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை போட்டவர்களுக்கும் களைப்பில் வித்தியாசமே இல்லை. டாக்டர் வேண்டாம் என்றது சரியே.

ஆனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்குத் தைராய்டே போதுமான அளவு சுரக்காமல் இருக்கலாம். அது வேறு கதை. கருவுற்றால் முதல் சில மாதங்கள் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் டி4-தான் கைகொடுக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். அரை மணி நேரமாவது கழித்துக் காப்பி குடிக்கலாம். கால்சியம் மாத்திரை இருந்தால் நான்கு மணி நேரம் தள்ளி.