ஃபாரிஞ்சைட்டிஸ்: தொண்டை அழற்சி

எச்சில் விழுங்கினாலே வலிக்கிறது என்று டாக்டரிடம் போனால், சீட்டில் 'அக்யூட் ஃபாரிஞ்சைட்டிஸ்' என்று எழுதித் தருவார். தமிழில் அது தொண்டை அழற்சி. 'அக்யூட்' என்பதைச் சிலர் 'கடுமையான' என்று மொழிபெயர்த்துப் பயமுறுத்திவிடுகிறார்கள். மருத்துவத்தில் அதற்குத் திடீரென்று வந்து சில நாட்களில் போய்விடுவது என்று பொருள். அதற்கு எதிர்ச்சொல் 'நாள்பட்ட'. ஆகவே 'குறுங்காலத் தொண்டை அழற்சி' என்று சொல்வதுதான் சரி.

'ஃபாரிங்ஸ்' கிரேக்கத்தில் தொண்டை. வாயை அகலத் திறந்து 'ஆ' என்று சொன்னால் உள்நாக்குக்குப் பின்னால் ஒரு சுவர் தெரியுமே, அது இதன் ஒரு பகுதி. 'ஐட்டிஸ்' என்ற விகுதிக்கு முதலில் 'அதைச் சார்ந்தது' என்ற அளவில்தான் பொருள். ஆர்த்ரைட்டிஸ் என்றால் மூட்டைச் சார்ந்த நோய், அவ்வளவுதான். பிற்காலத்தில்தான் மருத்துவர்கள் இந்த விகுதியை அழற்சிக்கென்றே வைத்துக்கொண்டார்கள்.

இனி அழற்சி. அழல் என்றால் தீ, எரிவது. சிலப்பதிகாரத்தில் மதுரை தீப்பற்றி எரியும் பகுதிக்கு அழற்படு காதை என்றே பெயர். முயல் என்பதிலிருந்து முயற்சியும், சுழல் என்பதிலிருந்து சுழற்சியும் வந்த அதே வழியில் அழல் அழற்சி ஆனது. 'இன்ஃப்ளமேஷன்' என்ற சொல்லுக்குள்ளும் தீச்சுடரைக் குறிக்கும் 'ஃப்ளாமா' என்ற லத்தீன் சொல் இருக்கிறது. முதலாம் நூற்றாண்டு ரோமானியரான செல்சஸ் அழற்சிக்குச் சொன்ன நான்கு அடையாளங்கள் சிவப்பு, வீக்கம், சூடு, வலி. தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்க்கும் டாக்டர் இன்றும் அந்தச் சிவப்பையும் வீக்கத்தையும்தான் முதலில் தேடுகிறார். அந்த வகையில் அழற்சி மிகப் பொருத்தமான சொல். புதிதாக வேறொன்று தேட வேண்டியதில்லை.

தொண்டைக்குப் பழைய தமிழில் மிடறு என்றும் ஒரு சொல் உண்டு. இன்று அது 'ஒரு மிடறு தண்ணீர்' என்ற அளவில் சுருங்கிவிட்டது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நம்மில் பலர் 'தொண்டை இன்ஃபெக்‌ஷன்' என்றே சொல்கிறோம். இன்ஃபெக்‌ஷன் என்றால் தொற்று, அதாவது கிருமி உள்ளே நுழைந்து பெருகுவது. அழற்சி என்பது உடல் காட்டும் எதிர்வினை. தொற்றினால் அழற்சி வரும். ஆனால் எல்லா அழற்சிக்கும் தொற்று காரணமில்லை. புகை, வறண்ட காற்று, மூக்கடைப்பால் இரவு முழுக்க வாயால் மூச்சு விடுவது, ஒவ்வாமை, நெடுநேரம் கத்துவது எல்லாமே தொண்டையைப் புண்ணாக்கும். இரண்டு சொற்களையும் ஒன்றாக்கியதால்தான் தொண்டை வலித்த உடனே ஆன்டிபயாடிக் கேட்கும் பழக்கம் வந்தது என்பது என் எண்ணம்.

தொற்றே காரணம் என்றாலும் பெரும்பாலும் அது வைரஸ்தான். ஜலதோஷத்தைக் கொண்டுவரும் ரைனோ வைரஸ், அடினோ வைரஸ், இன்ஃப்ளூயன்சா, கொரோனா வைரஸ்கள் எனப் பட்டியல் நீளும். இவை எதற்கும் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் தானே சரியாகும்.

பாக்டீரியாவில் கவனிக்க வேண்டியது ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். குழந்தைகளின் தொண்டை வலியில் பத்தில் இரண்டு மூன்றும், பெரியவர்களிடம் பத்தில் ஒன்றும் இதனால் வருபவை. காய்ச்சல் இருக்கும், டான்சிலில் வெள்ளைத் திட்டுகள் தெரியும், கழுத்தில் நெறி கட்டித் தொட்டால் வலிக்கும், ஆனால் இருமல் இருக்காது. இந்த நான்கும் சேர்ந்திருந்தாலும் உறுதியில்லை. தொண்டையில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். ஸ்ட்ரெப் என்று உறுதியானால் பெனிசிலின் அல்லது அமாக்சிசிலின், வழக்கமாக 10 நாட்கள். மூன்றாம் நாளே வலி போய்விட்டது என்று நிறுத்திவிடக் கூடாது. ஏனென்றால் இந்தக் கிருமியைச் சரியாகக் கவனிக்காவிட்டால் சில வாரங்கள் கழித்து ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வுகளைக் கெடுக்கக்கூடும்.

நம் பேச்சு வழக்கில் இதையெல்லாம் பிரித்துச் சொல்ல நல்ல சொற்கள் இருக்கின்றன. 'தொண்டை கட்டிக்கொண்டது' என்றால் குரல் போய்விட்டது என்று பொருள். அங்கே பாதிப்பு குரல்வளையில். அது லாரிஞ்சைட்டிஸ், குரல்வளை அழற்சி. டான்சில் வீங்குவது அடிநாச்சதை அழற்சி. டான்சிலை உள்நாக்கு என்று சிலர் சொல்வது தவறு. உள்நாக்கு நடுவில் தொங்குவது, டான்சில் இரு பக்கமும் இருப்பது. 'தொண்டை எரிகிறது' என்று சொல்பவருக்கு, அதுவும் நெஞ்சு கரிப்பும் புளித்த ஏப்பமும் கூடவே இருந்தால், இரைப்பை அமிலம் மேலேறுகிறதா என்று பார்க்க வேண்டும். அவர் இரவு உணவை முடித்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பதும் தலைப்பக்கத்தை உயர்த்திக்கொள்வதும் பலன் தரும். டாக்டரிடம் 'தொண்டை சரியில்லை' என்று மொட்டையாகச் சொல்லாமல், வலியா, எரிச்சலா, கரகரப்பா, கட்டிக்கொண்டதா என்று சொன்னால் பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும்.

வீட்டில் செய்யக்கூடியவை எளிமையானவை. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் முதல் அரை டீஸ்பூன் உப்பு போட்டு, தலையைப் பின்னால் சாய்த்துத் தொண்டை வரை கொப்பளித்துத் துப்பலாம். இது கிருமியை ஒழிக்காது, வலியைத் தணிக்கும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் வேண்டாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. சப்பும் மாத்திரை சின்னக் குழந்தைகளுக்குத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

மூச்சுவிடச் சிரமம், எச்சில்கூட விழுங்க முடியாமல் வழிவது, வாயைத் திறக்க முடியாதது, ஒரு பக்கம் மட்டும் கடுமையாக வலிப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், வலியே இல்லாவிட்டாலும், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிக் குரல்வளையைப் பார்க்கச் சொல்லுங்கள். புகைபிடிப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.