பின்னாலிருந்து ஒரு தள்ளல்: அலைச்சறுக்கின் இயற்பியல்

இலங்கையின் தென்கரையிலுள்ள வெலிகம விரிகுடாவில் விடுமுறையைக் கழித்துத் திரும்பிய வாசகி ஒருவர், அங்கே அலைச்சறுக்கின் முதற்பாடத்தைக் கற்றபோது எழுந்த ஐயத்தை எழுதி அனுப்பியிருக்கிறார். நீளமான பலகையின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு இரு கைகளையும் துடுப்பாக்கி எவ்வளவு வலித்தாலும், அலை அவருக்கு அடியில் புகுந்து முன்னால் போய்விட்டதாம். பயிற்றுநர் பலகையின் பின்முனையைப் பிடித்து ஒரே ஒரு முறை தள்ளிவிட்டதும், அதே அளவுள்ள இன்னொரு அலை அவரைக் கரைவரை கொண்டுவந்து சேர்த்ததாம். "அவ்வளவு பெரிய அலைக்கு முன்னால் ஒரு மனிதரின் தள்ளல் எம்மாத்திரம்? அதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார். கடற்கரையில் கேட்கப்படும் கேள்விகளில் இதைவிட அழகான ஒன்றை நான் அறியேன்; இதற்கான விடை பள்ளியில் படித்த இயக்க ஆற்றலுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் அலையின் பயணத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வெலிகமவுக்கு வந்து சேரும் நீண்ட அலைகளில் பெரும்பாலானவை, தென் அரைக்கோளத்தில் 40 முதல் 60 பாகை வரையிலான அட்சரேகைகளில், தடுக்க நிலமே இல்லாத பெருங்கடலில் வீசும் புயற்காற்றினால் பிறந்தவை. ஆழ்கடலில் அலைவுநேரம் (ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வரும்வரை ஆகும் நேரம்) மிகுந்த அலை வேகமாகவும் குறைந்த அலை மெதுவாகவும் செல்வதால், புயலடித்த இடத்தில் ஒன்றாகக் கொந்தளித்த அலைகள் போகப்போகத் தாமாகவே வரிசைப்பட்டுவிடுகின்றன. 14 நொடி அலைவுநேரம் கொண்ட அலையின் முகடு மணிக்கு ஏறத்தாழ 79 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். ஆனால் அந்த அலைத்தொகுதி சுமந்துவரும் ஆற்றல் அதில் பாதி வேகத்தில்தான் நகரும். ஆகவே 6,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள புயலின் ஆற்றல், ஆறு நாளுக்குச் சற்று மேற்பட்ட பயணத்துக்குப் பிறகே நம் பலகையைத் தொடுகிறது. 1963ஆம் ஆண்டில் வால்டர் மங்க் என்னும் கடலியலாளரும் அவருடைய குழுவினரும் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை அளவீட்டு நிலையங்களை அமைத்து, தென்கோடிப் புயல்களின் அலைகள் பசிபிக் பெருங்கடல் முழுவதையும் கடந்து செல்வதைப் பின்தொடர்ந்தார்கள். புயல் எல்லையைத் தாண்டிய பிறகு அந்த நெடுவழியில் நீண்ட அலைகள் மிகக் குறைந்த ஆற்றலையே இழக்கின்றன என்பது அவர்கள் கண்டறிந்தவற்றுள் முதன்மையானது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. விடுமுறைக்காரரை மகிழ்விக்கும் இதே நீண்ட அலைதான், காற்றும் மழையும் இல்லாத தெளிந்த நாளில் கேரளக் கரையிலும் நம் குமரிக் கரையிலும் திடீரென ஏறிவந்து கள்ளக்கடல் என்னும் பெயரைப் பெறுகிறது. 2024 மே மாதத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அப்படிப்பட்ட அலைக்கு இரையானார்கள். ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவைகளுக்கான தேசிய மையம் அதற்கு முன்பே எச்சரிக்கை விடுத்திருந்தது. புயல் பிறந்து, அதன் அலை கரையைத் தொடுவதற்குள் பல நாள்கள் கிடைக்கின்றன என்னும்போது, நடந்த இழப்பைக் கடலின் கோபம் என்று சொல்லி முடித்துக்கொள்வது உயிரிழந்தோருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். அலை அளக்கும் மிதவைகளுக்கும், அவற்றைப் பழுதுபார்த்துத் தொடர்ந்து இயக்குவதற்கும், கிடைத்த முன்னறிவிப்பைக் கடற்கரையில் நிற்கும் மனிதரின் காதில் சேர்ப்பதற்கும் அரசு இன்னும் தாராளமாகச் செலவிட வேண்டும்.

இனி வெலிகமவுக்குத் திரும்புவோம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவக்காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசி அங்குள்ள அலைகளின் முகத்தைச் சீராக வைத்திருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் அந்த வாய்ப்பு கிழக்குக் கரையில் பொத்துவிலை அடுத்த அறுகம்குடாவுக்குப் போய்விடும். விரிகுடாவின் அடித்தரை மணற்பாங்கானது. மெல்லச் சரிந்து செல்வது. ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் குறைகிறது. அலைவுநேரம் மாறுவதில்லை என்பதால் அலைநீளம் சுருங்குகிறது. முன்னே செல்லும் பகுதி தயங்கப் பின்னே வரும் பகுதி நெருங்க, அதே ஆற்றல் குறுகிய இடத்துக்குள் அடைபட்டு அலையை உயர்த்துகிறது. அலையின் உயரம் நீரின் ஆழத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை எட்டும்போது அது உடைகிறது. செங்குத்தான பாறைத்திட்டில் முகடு சுருண்டு குப்புற விழும். வெலிகம போன்ற மென்சரிவில் நுரை முகட்டிலிருந்து வழிந்து இறங்கும். புதியவர்களை அங்கே அழைத்துச் செல்வதன் காரணம் இதுவே. 80 சென்டிமீட்டர் உயரமுள்ள அலை ஒரு மீட்டர் ஆழத்தில் உடைகிறது என்றால், அந்த இடம் பயிற்றுநருக்கு இடுப்பளவு நீர். அலை உடையும் இடமும், அவர் காலூன்றி நின்று பலகையைத் தள்ள ஏற்ற இடமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன.

அந்த இடத்தில் அலையின் வேகம் என்ன? ஆழத்தோடு அலையின் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், நொடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் என்று வரும். புதிதாகக் கற்பவர் கையால் வலித்துச் செல்லும் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் அளவே இருக்கும். நான்குக்கும் ஒன்றுக்கும் இடையிலுள்ள இந்தப் பெரிய இடைவெளியைப் பார்த்தால், அலையைப் பிடிப்பது யாருக்குமே முடியாத செயலாகத் தோன்றும். தோற்றம் மாற வேண்டுமானால் நாம் நிற்கும் இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கரையில் நின்று பார்ப்பதை விட்டுவிட்டு, அலையோடு அதே வேகத்தில் பறந்துகொண்டே பார்ப்பதாகக் கற்பனை செய்யுங்கள். இப்போது அலை நகரவில்லை. அது அசையாமல் நிற்கும் 80 சென்டிமீட்டர் உயரமுள்ள நீர்மேடு. கடல்நீர் முழுவதும் கரைப்பக்கத்திலிருந்து நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஓடிவந்து, அந்த மேட்டில் ஏறி, முகட்டைத் தாண்டி மறுபுறம் இறங்கிச் செல்கிறது. கடலில் சும்மா மிதக்கும் பலகையும் அந்த நீரோடு சேர்ந்து, நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி வந்து மேட்டின் அடிவாரத்தைத் தொடுகிறது. மிதிப்பதை நிறுத்திய மிதிவண்டி மேம்பாலத்தின் அடியை நெருங்கும்போது எழும் அதே கேள்விதான் இங்கும் எழுகிறது: கையிலிருக்கும் வேகம் உச்சியைக் கடக்கப் போதுமா, அல்லது பாதியிலேயே நின்றுபோகுமா?

விடையைப் பள்ளிக் கணக்கே தந்துவிடும். இயக்க ஆற்றல் முழுவதும் நிலையாற்றலாக மாறினால் எட்டக்கூடிய உயரம், வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பு முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும். நொடிக்கு 4 மீட்டர் வேகத்தோடு வரும் பலகை 82 சென்டிமீட்டர் வரை ஏறும். அலையோ 80 சென்டிமீட்டர்; ஆகவே பலகை முகட்டைத் தாண்டிவிடுகிறது, அதாவது அலை நம்மை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. கரையை நோக்கி நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் கைவலித்தால், மேட்டை அணுகும் வேகம் 3 மீட்டராகக் குறைந்து, ஏறக்கூடிய உயரம் 46 சென்டிமீட்டராகிறது. அதோடு பயிற்றுநரின் தள்ளல் இன்னொரு மீட்டரைச் சேர்த்தால், அணுகும் வேகம் 2 மீட்டர். எட்டும் உயரம் வெறும் 20 சென்டிமீட்டர். வேகம் பாதியானால் உயரம் கால்பங்காகிவிடுகிறது. வாசகி கேட்ட கேள்வியின் விடை இந்த வர்க்கத்துக்குள் இருக்கிறது. அலையின் ஆற்றலோடு பயிற்றுநர் போட்டியிடவே இல்லை. ஆளும் பலகையும் சேர்ந்து 80 கிலோகிராம் என்று கொண்டால், நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தைக் கூட்டுவதற்கு அரை நொடி நேரம் 160 நியூட்டன் விசை போதும். 16 கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பிடிக்கத் தேவைப்படும் விசை அவ்வளவே.

இந்தக் கணக்கு உராய்வையும் நீரின் இழுவையையும் விட்டுவிட்டது என்பதைக் கவனமுள்ள வாசகர்கள் கண்டிருப்பார்கள். கைவலித்தும் அலை தப்பிப் போனதற்குக் காரணம் அந்த இழுவைதான். மேட்டில் ஏறும் நீர் பலகையின் அடிப்பரப்பைத் தடவி அதையும் மேலே இழுத்துச் செல்ல முயல்கிறது. சரிவோ அதைக் கீழே இறக்க முயல்கிறது. 15 பாகைச் சரிவில் 80 கிலோகிராமைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை சுமார் 200 நியூட்டன். இழுவை அதைவிடக் குறைவாக இருந்தால் பலகை சரிவில் இறங்கத் தொடங்கி, அலையோடு வந்துவிடும். மிகுதியாக இருந்தால், 46 சென்டிமீட்டரில் நின்றிருக்க வேண்டிய பலகையும் மெல்ல மெல்ல முகட்டுக்கு இழுபட்டு மறுபுறம் நழுவிவிடும்.

நான் மிகவும் விரும்பும் பகுதி இதற்கு அடுத்ததாக வருகிறது. மேட்டில் ஏறும் நீரும் அதே ஆற்றல் விதிக்குக் கட்டுப்பட்டது. ஓடும் நீரின் வேகத்தையும் உயரத்தையும் அழுத்தத்தையும் இணைக்கும் பெர்னூலியின் சமன்பாடு சொல்வதும் அதையே. அடிவாரத்தில் 4 மீட்டர் வேகத்தோடு வந்த நீர் ஏற ஏற வேகமிழந்து, முகட்டை அடையும்போது ஏறத்தாழ நின்றேவிடுகிறது. கரையில் நிற்பவரின் பார்வைக்கு மீண்டும் வந்து இதைச் சொன்னால், உடையப்போகும் அலையின் முகட்டு நீர் அலையின் வேகத்திலேயே கரையை நோக்கி விரைகிறது என்று பொருள். அலை உடைவது என்பதே முகட்டு நீர் அலையை முந்திக்கொண்டு அதன் முகத்தில் சறுக்கி இறங்குவதுதான். மனிதர் பலகையின்மேல் நின்று செய்வதை நீர் தானாகவே செய்துகொண்டிருக்கிறது. வழிந்திறங்கிய பிறகு வெண்ணுரையாகப் புரண்டுவரும் நீர் முழுவதும் உண்மையாகவே முன்னோக்கி நகர்வதால், அது பலகையின் பின்பகுதியில் மோதித் தன் உந்தத்தைக் கொடுத்துத் தள்ளுகிறது. முதற்பாடத்தை நுரையலையில் தொடங்குவதற்கு இதுவே காரணம். அங்கே பயிற்றுநரின் வேலையில் ஒரு பகுதியைக் கடலே ஏற்றுக்கொள்கிறது. நுரையில் காற்று கலந்திருப்பதால் அதன் அடர்த்தி குறைவு, மிதப்பு விசையும் குறைவு. பருமனான, மென்மையான மேற்பரப்புக் கொண்ட பெரிய பலகையைக் கொடுத்து அந்தக் குறையை ஈடுகட்டுகிறார்கள்.

பலகையின் நீளத்துக்கும் காரணம் உண்டு. நீரைப் பிளந்துகொண்டு மிதந்து செல்லும் எந்தப் பொருளும் தானே ஓர் அலையை எழுப்புகிறது. அந்த அலையின் நீளம் பொருளின் நீளத்தை எட்டும் வேகத்தில் தடை மளமளவென்று கூடுகிறது. ஆறு அடிப் பலகைக்கு அந்த வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1.7 மீட்டர், ஒன்பது அடிப் பலகைக்கு 2 மீட்டருக்குச் சற்று மேல். சரிவின் துணையால் அந்தத் தடையைக் கடந்ததும் பலகை நீரைப் பிளப்பதை விட்டு, அதன் மேற்பரப்பில் வழுக்கத் தொடங்குகிறது. அப்போது எடையைத் தாங்குவது பெரும்பாலும் மிதப்பு விசையன்று. அடியில் விரையும் நீரின் அழுத்தம் தரும் தூக்குவிசை. இது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், பலகை ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்து அழுத்தம் உடனே மிகுந்து நிமிர்த்துகிறது. நின்ற நீரில் உட்காரவே தள்ளாடும் பலகையில், ஓடும்போது எழுந்து நிற்க முடிவது இதனால்தான். பலகை வழுக்கத் தொடங்கும் முன்னரே எழுந்தால் விழுவது உறுதி. "இப்போது எழு" என்று பயிற்றுநர் சொல்லும்வரை பொறுத்திருப்பது அதனாலேயே பயனுடையது. படுத்திருக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். மிகவும் முன்னால் படுத்தால் பலகையின் மூக்கு நீருக்குள் புகும்; மிகவும் பின்னால் படுத்தால் வால் அமிழ்ந்து, பலகையின் அடிப்பரப்பு முழுவதும் நீரைத் தடுத்து நிற்கும், பயிற்றுநர் கொடுத்த வேகம் சில நொடிகளில் கரைந்துபோகும்.

தள்ளல் இல்லாமலே அலையைப் பிடிப்பது எப்போது என்றும் வாசகி கேட்டிருந்தார். தேர்ந்தவர்கள் அலை உடையப்போகும் கணத்தில் முகட்டுக்கு அருகில் இருந்துகொள்கிறார்கள். அங்கே நீரே ஏறத்தாழ அலையின் வேகத்தில் முன்னேறிக்கொண்டிருப்பதால் இழுவை மிகக் குறைவு, சரிவும் மிகுதி. அவர்களுக்கு இரண்டு வலிப்புகளே போதும். புதியவருக்கு அந்தச் செங்குத்தான இடம் அச்சம் தரும் என்பதால், அவர் வேகத்தைத்தான் நம்ப வேண்டும். ஓரளவு பழகிய பின், ஓய்விலிருந்து நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தை எட்ட அவருக்கு ஐந்து நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அந்த நேரத்தில் அவர் நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் அலை இருபது மீட்டரும் நகர்ந்திருக்கும். எனவே அலை முதுகுக்குப் பின்னால் பதினாறு மீட்டர் தொலைவில், இன்னும் அவசரமில்லை என்று தோன்றும் இடத்தில் இருக்கும்போதே முதல் வலிப்பைத் தொடங்கிவிட வேண்டும்.