தூதரின் கோப்பில் நம் ஆளின் பெயர் இருக்க வேண்டும்

குவைத்துக்குப் புது இந்தியத் தூதர் பொறுப்பேற்கும்போதெல்லாம் செய்தி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். அமீரிடம் நியமனப் பத்திரம் அளித்தார், எண்ணெய், முதலீடு, பாதுகாப்பு, மருத்துவம் என்று எல்லாத் துறைகளிலும் உறவை வலுப்படுத்தப் போவதாகச் சொன்னார், இந்தியர்களின் நலனே தன் முன்னுரிமை என்றார். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் சம்பளப் பாக்கி, விபத்து இழப்பீடு வழக்குகளைப் பல வருடங்களாகப் பார்த்துவரும் வழக்கறிஞன் நான். அந்தக் கடைசி வரியை நம் ஊர்க்காரர்கள் நின்று படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதை வெறும் சம்பிரதாயம் என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

குவைத்தில் சுமார் 10 லட்சம் இந்தியர்கள் இருக்கிறார்கள். அங்குள்ள வெளிநாட்டினரில் நாம்தான் பெரிய கூட்டம். 1961 வரை இந்திய ரூபாயே அங்கே புழக்கத்தில் இருந்தது. 2023-24இல் இரு நாட்டு வர்த்தகம் சுமார் 1,047 கோடி டாலர். அதில் பெரும்பங்கு கச்சா எண்ணெய். எண்ணெயை வேறு நாட்டிலும் வாங்கிக்கொள்ளலாம். பிழைப்புக்காகப் போய்க் குடியிருக்கும் 10 லட்சம் பேரை வேறு எங்கே கொண்டுபோவது? 1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது அந்தக் கேள்வி நேராகவே வந்தது. 1.7 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை அம்மான் வழியாக விமானத்தில் கொண்டுவர வேண்டியிருந்தது. அன்றிலிருந்து குவைத்தில் எந்தத் தூதராக இருந்தாலும் தொழிலாளர் விஷயத்தை ஓரமாக வைக்க முடியாது.

2024 டிசம்பரில் பிரதமர் குவைத் போனார். 1981இல் இந்திரா காந்தி போனதற்குப் பிறகு, 43 வருடங்கள் கழித்து நடந்த முதல் பிரதமர் பயணம் அது. இரு நாட்டு உறவும் அப்போது வியூகக் கூட்டாண்மை என்ற நிலைக்கு உயர்த்தப்பட்டது. அதே மாதம் வெளியுறவு அமைச்சர்கள் நிலையில் ஒரு கூட்டு ஆணையம் அமைக்க ஒப்பந்தமானது. ஆனால் மனிதவளத்துக்கான கூட்டுப் பணிக்குழு அதற்கு முன்பிருந்தே இருக்கிறது. நம் ஆட்களின் பிரச்சினை இரு அரசுகளுக்கு இடையே பேசப்படும் இடம் அதுதான்.

அந்த மேசையில் ஒரு தூதர் "எங்கள் மக்கள் கஷ்டப்படுகிறார்கள்" என்று பொதுவாகச் சொல்லிப் பயனில்லை. எந்த நிறுவனம், எத்தனை பேருக்கு, எத்தனை மாதச் சம்பளம் நிலுவை, என்ன ஒப்பந்தம் போட்டார்கள், என்ன வேலை கொடுத்தார்கள் என்று எடுத்து வைக்க வேண்டும். அந்த விவரமெல்லாம் தொழிலாளி எழுத்தில் கொடுக்கும் புகாரிலிருந்துதான் சேரும். 2021 ஜூனில் வீட்டு வேலைக்காரர்களுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆட்களை எடுக்கும் முறையையும் இரு தரப்பின் கடமையையும் அது எழுத்தில் கொண்டுவந்தது. அரசிடம் முறையாகப் பதிவாகிப் போனவருக்குத்தான் அது முழுமையாகக் கைகொடுக்கும்.

என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பதிவாகாமல் போனவர்கள். ஊரில் ஒரு சப்-ஏஜென்ட் வருவார். கம்பெனி வேலை என்பார். போய் இறங்கினால் கையில் இருப்பது விசா 20, அதாவது வீட்டு வேலைக்கான அனுமதி. தனியார் கம்பெனியில் வேலை செய்ய விசா 18 வேண்டும். 20ஐ வைத்துக்கொண்டு வெளியில் கடையிலோ பட்டறையிலோ வேலை பார்த்தால் அது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். சோதனையில் பிடித்தால் நாடு கடத்துவார்கள். அப்போது கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி மேல் நீங்கள் வைக்கும் சம்பளக் குறை எடுபடாது. விசிட் விசாவில் போய் "அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று நம்பியவரின் நிலை இதைவிட மோசம்.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் ஈசிஆர் பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்ற அனுமதி கட்டாயம். முதலாளி இந்திய அரசின் ஈ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவாகியிருக்க வேண்டும், ஒப்பந்தம் அதில் ஏற வேண்டும், பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் எடுத்தாக வேண்டும். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய் தரும் காப்பீடு அது. இரண்டு வருடத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய்தான். பத்தாவது பாஸான பையன்களுக்கு இந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. அதனால் அவர்களில் பலர் எந்தத் தாளும் இல்லாமல் விமானம் ஏறிவிடுகிறார்கள். படித்தவன் ஏமாற மாட்டான் என்று சட்டம் நினைக்கிறது. நான் பார்த்தது வேறு. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அதே தளத்தில் பார்க்கலாம். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும்தான் அவர் வாங்கலாம். ஒன்றரை லட்சம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

2024 ஜூன் 12ஆம் தேதி குவைத்தின் மங்காஃப் பகுதித் தொழிலாளர் குடியிருப்பில் பற்றிய தீயில் 45 இந்தியர்கள் இறந்தார்கள். ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். கீழ்த்தளத்தில் பிடித்த தீ மேலே பரவியது. அறைகளைப் பிரிக்கத் தீப்பற்றும் பொருளைத் தடுப்பாக வைத்திருந்தார்கள். மொட்டை மாடிக்குப் போகும் கதவு பூட்டியிருந்தது. இரண்டு நாளில் விமானப்படை விமானம் உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. அந்த வேகத்தைப் பாராட்ட வேண்டும். ஆனால் தங்குமிடம் எப்படி இருக்கிறது என்பதும் தூதரின் முன்னுரிமைப் பட்டியலில் சம்பளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் அறையில் இருக்க வேண்டியதைவிட அதிகம் பேரை அடைத்திருந்தால், மாடிக் கதவு பூட்டியே கிடந்தால், போட்டோ எடுத்துத் தூதரகத்துக்கு எழுதுங்கள். தீ பிடித்த பிறகு விசாரணை வரும், ஆள் வரமாட்டான்.

தூதரால் ஆகாத காரியங்களும் உண்டு. 1961 வியன்னா உடன்படிக்கைப்படி எந்தத் தூதரும் போன நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது. குவைத் நீதிமன்றத் தீர்ப்பை மாற்றச் சொல்லவோ, கம்பெனியை மிரட்டிப் பணம் வாங்கித் தரவோ அவரால் முடியாது. அதே சமயம் 1963 தூதரக உறவு உடன்படிக்கை கைதான வெளிநாட்டவருக்கு ஓர் உரிமை தருகிறது: தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள் என்று அவர் கேட்கலாம். கேட்கத் தெரியாமல் மாதக்கணக்கில் உள்ளே இருந்தவர்கள் உண்டு. போகும் முன் வீட்டிலேயே இதைச் சொல்லி அனுப்புங்கள். அப்புறம், இந்திய சமுதாய நல நிதி என்று ஒன்று 2009இல் தொடங்கியது. கதியற்று நிற்பவருக்குத் தங்குமிடம், சட்ட உதவி, திரும்பும் டிக்கெட், இறந்தவர் உடலை அனுப்பும் செலவு இதிலிருந்து தரப்படும். தூதரகம் நடத்தும் ஓபன் ஹவுஸ் என்ற குறைகேட்புக் கூட்டத்தில் தூதரையே நேரில் பார்த்துப் பேசலாம். அதற்குப் பெரிய ஆள் சிபாரிசு தேவையில்லை.

2025 ஜூலை 1 முதல் விசா 18இல் இருப்பவர்கள் நாட்டை விட்டு வெளியேற முதலாளி ஒப்புதலுடன் எக்ஸிட் பர்மிட் வாங்க வேண்டும். சம்பளப் பாக்கியைக் கேட்ட ஆளுக்கு முதலாளி இதை மறுத்தால், வேலைக்கு வராமல் ஒளிந்துகொள்ளாதீர்கள். ஓடிப்போனவர் என்று அவர் புகார் கொடுத்தால் உங்கள் பக்கத்து நியாயம் பலவீனமாகும். முதலில் ஷூன் எனப்படும் குவைத் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள், அந்த எண்ணோடு தூதரகத்துக்குப் போங்கள். அங்கே தொழிலாளியால் வெளியே வர முடியாத நிலை என்றால் மனைவியோ பெற்றோரோ இங்கிருந்தே இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) குறைதீர்ப்பு இணையதளத்தில் புகார் பதிவு செய்யலாம். பாஸ்போர்ட் எண், பத்தாக்கா (குவைத் அடையாள அட்டை) எண், முதலாளி பெயர், ஒப்பந்த நகல், கடைசியாகச் சம்பளம் வந்த தேதி, ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுத்த ரசீது ஆகியவை வேண்டும். இவற்றின் படத்தை ஆள் விமானம் ஏறும் முன்பே வீட்டில் ஒருவர் போனில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்தாக்காவை மட்டும் அங்கே போய் வாங்கிய அன்றே அனுப்பச் சொல்லுங்கள், சம்பளம் வந்த தேதியை வரும்போதெல்லாம் தெரிவிக்கச் சொல்லுங்கள்.